லயத்துக் கூரை மேல டிஷ்
நேத்து மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் எங்க பழைய தோட்டத்துக்குப் போயிருந்தேன், தொழிலாளருங்க இருக்குற லயத்து வீட்டுக் கூரையெல்லாம் டிவி டிஷ், எல்லாமே ஒரே பக்கம் பாத்துட்டு நிக்குது. ஏன் மாமா இது திரும்பவே மாட்டேங்குதுன்னு அண்ணன் பையன் கேட்டான். எனக்கு உடனே சயின்ஸ் ஃபிக்ஷன் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்தான் ஞாபகம் வந்தாரு. 1945ல, ஏர்ஃபோர்ஸ்ல ரேடார் வேலை பாத்த 27 வயசு ஆளு, பூமத்திய ரேகைக்கு மேல 36,000 கிலோமீட்டர் கிட்ட சேட்டலைட்ட வச்சா அது பூமியோட சேந்தே சுத்தும், நமக்கு ஒரே எடத்துல நிக்குற மாதிரி தெரியும், மூணு இருந்தா உலகம் பூரா சிக்னல் அனுப்பலாம்னு கணக்கு போட்டு எழுதிட்டாரு, அப்ப முதல் சேட்டலைட்டான ஸ்புட்னிக்கே கிடையாதுங்க! 1964ல சின்காம் 3ங்கற சேட்டலைட் அங்க போய் நின்னுச்சு. இந்த டிஷ்ஷெல்லாம் அப்படி நிக்குற சேட்டலைட்டத்தான் பாத்துட்டு இருக்கு, அதான் திரும்ப வேண்டியதில்ல. எவ்ளோ பெரிய கற்பனையா இருந்தாலும் பிசிக்ஸ ஏமாத்த மாட்டாரு, அதுக்காகவே அவர அவ்ளோ பிடிக்கும். 1956ல சிலோனுக்கு வந்தவரு, 2008ல சாகுற வரைக்கும் அங்கதான் இருந்தாரு.

பையனுக்கு வாசல் மண்ணுல குச்சியால வட்டம் போட்டுக் காட்டினேன், இருட்டுற வரைக்கும் கேள்வி கேட்டுட்டே இருந்தான்.