வாஷிங் மெஷினுக்குள் பூஞ்சை

துவைத்த துணியிலேயே மக்கிய வாடை வருகிறதா? சோப்புத் தூளை மாற்றுவதற்கு முன் ஃப்ரன்ட் லோடு மெஷினின் கதவு ரப்பரை விரித்துப் பாருங்கள். அடி மடிப்பில் தேங்கிய தண்ணீர், தலைமுடி, நூல் பிசிறு, அதன்மேல் வழவழவென்று கறுப்புப் புள்ளிகள். எங்கள் மெஷினில் ஒரு சட்டைப் பொத்தானும் கிடந்தது.

சென்னையில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் இது இன்னும் மோசம். மூடிய கதவும் ஈரமும் போதாதா பூஞ்சைக்கு? அளவுக்கு மீறிப் போடும் சோப்பும் கண்டிஷனரும் உள்ளே படிந்து அதற்குத் தீனியாகிவிடுகின்றன. நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகும் என்று அம்மாவிடம் யார் சொன்னார்களோ!

பழைய டூத்பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் கொண்டு மடிப்பைத் தேய்த்தேன். சோப்பு டப்பாவையும் கீழே இருக்கும் ஃபில்டரையும் கழற்றிக் கழுவினேன். அப்புறம் துணி போடாமல் 60 டிகிரி வெந்நீரில் ஒருமுறை ஓடவிட்டேன். ரப்பருக்குள் ஊறிய கறை கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. வாடை போய்விட்டது, அது போதும். ப்ளீச்சோடு வினிகரைக் கலந்து ஊற்றச் சொல்வார்கள், வேண்டவே வேண்டாம். குளோரின் வாயு வரும்.

இப்போது துவைத்ததும் ரப்பரைத் துடைத்துவிட்டுக் கதவைத் திறந்தே வைக்கிறோம். சின்னக் குழந்தையோ பூனையோ இருக்கும் வீடு என்றால் மட்டும் ஒரு கண் இருக்கட்டும், உள்ளே ஏறி உட்கார்ந்துவிடும்.