இங்கிள்பரோ: உள்ளே ஓட்டையான மலை

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸில் இருக்கும் இங்கிள்பரோவின் உயரம் 723 மீட்டர்தான். ஆனால் சங்கதியெல்லாம் அதன் அடியில் இருக்கிறது. தட்டையான உச்சியில் கெட்டியான மணற்கல். அதனால்தான் தேயாமல் நிற்கிறது. சரிவில் இறங்கும் ஃபெல் பெக் ஓடை, சுண்ணாம்புக்கல் பகுதிக்கு வந்ததும் கேப்பிங் கில் என்ற குழிக்குள் சுமார் 100 மீட்டர் நேராக விழுந்து காணாமல் போகிறது. அப்புறம் கிளாப்பம் ஊருக்கு மேலே, குகை வாசல் பக்கத்தில் எட்டிப் பார்க்கிறது.

எனக்குப் பிடித்தது சுண்ணாம்புப் பாறைத் தளம். மழைநீர் அரித்த பிளவுகளுக்குள், ஆட்டின் வாய்க்கு எட்டாத ஆழத்தில், பெரணி பச்சைப்பசேலென்று முளைத்திருக்கும்.

1895-ல் மார்ட்டெல் என்ற பிரெஞ்சுக்காரர் கேப்பிங் கில் குழிக்குள் கயிற்று ஏணியில் இறங்கினார். இப்போது வருஷத்தில் சில நாட்கள், காசு கொடுத்தால் வின்ச் (கம்பி வடத்தைச் சுற்றி ஏற்றி இறக்கும் இயந்திரம்) நாற்காலியில் உட்காரவைத்து இறக்கிவிடுகிறார்கள். சத்தியமாக நான் வரலைப்பா!