கொம்பனும் கூன்வண்டும்

எங்கள் விலங்கியல் சேர் காலமான செய்தி, மலர் அச்சுக்குப் போகிற நேரத்தில் வந்தது. அவருடைய சேவைக்காலமும் பட்டங்களும் அஞ்சலிப் பக்கத்தில் வரும். இங்கே வண்டுகள் மட்டும்.

ஆய்வுகூடப் போத்தல்கள் ஞாபகம் இருக்கும். ஒன்றில் காண்டாமிருக வண்டு, கறுப்பு, நெற்றியில் கொம்பு. மற்றதில் துருநிறச் சிவப்புக் கூன்வண்டு, நீண்டு வளைந்த மூஞ்சி. இரண்டும் தென்னைக்கு எதிரி. கொம்பைப் பார்த்துத்தான் நாங்கள் மிரண்டோம். "அவன் வெறும் சண்டியன். கொலைகாரன் இவன்" என்றார் சேர்.

கொம்பன் இரவில் வந்து விரியாத குருத்தைத் துளைத்துச் சாறு குடிப்பான். அந்த ஓலை பிறகு விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டினதுபோல் இருக்கும். அவன் குஞ்சுகள் வளர்வதோ எருக்குவியலிலும் உக்கிய குற்றியிலும். உயிருள்ள மரத்தை அவை தொடுவதில்லை. கூன்வண்டு மரத்தைத் திறக்க மெனக்கெடாது. கொம்பன் போட்ட ஓட்டையிலோ கத்திக்காயத்திலோ முட்டையிடும். காலில்லாத புழுக்கள் தண்டுக்குள்ளேயே தின்று கொழுத்து, நாரால் கூடு பின்னும். மரம் வெளியே பச்சையாக நிற்கும். காதை வைத்தால் கறுமுறு சத்தம் கேட்கும். எங்களை வரிசையில் விட்டுக் கேட்க வைத்தவர் அவர். கபிலநிறத் திரவம் வடிவது கண்ணில் படும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

வகுப்பில் கேள்வியைத் தொடங்குபவன் என் வாங்கு நண்பன், முடிப்பவன் நான். அன்றும் அப்படித்தான். "எழும்படா! அவன் துளைக்கிறான், நீ நுழையிறாய். கூன்வண்டு!" வகுப்பே சிரித்தது. இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடும்போதும் அந்தப் பெயர்தான் கேட்டது. எனக்கு அது இன்னும் முழுதாக ஆறவில்லை.

வெளிநாட்டுப் படிப்பு விண்ணப்பத்தைத் தேடிப் பிடித்ததும் அதே நண்பன்தான். தகப்பனுக்கு வருத்தம் வர அவன் நின்றுவிட்டான். நான் வந்தேன். சேர் சொன்னது பலித்துவிட்டது என்று அவன் பகிடி விடுவான். நானும் சேர்ந்து சிரிப்பேன், வேறென்ன செய்வது?

இங்கே வந்தபிறகுதான் வாசித்தேன். காண்டாமிருக வண்டு 1909இல் இலங்கையிலிருந்து போன இறப்பர்க் கன்றுகளோடு சமோவாவில் இறங்கியிருக்கிறது. கூன்வண்டு 1980களில் வளைகுடாப் பேரீச்சைக்குள் புகுந்து, 1990களில் ஸ்பெயின் போய்விட்டது. செடிகளோடு ஒளித்துப்போன இரண்டும் போன இடத்தில் நன்றாகவே பெருகின. சேருக்கு எழுத நினைத்து, நேரில் சொல்லலாம் என்று விட்டேன். விடுமுறைகள் உறவுக்காரர் வீடுகளிலேயே முடிந்தன.

கடைசிக் காலத்தில் நண்பனிடம், "கூன்வண்டு எங்கையடா?" என்று கேட்டாராம். என் பெயரை மறந்துதான் அப்படிக் கேட்டாரா என்று அவனுக்கும் தெரியவில்லை.