புள்ளடி வேண்டாம், எண் போடுங்கள்

இலங்கையில் புள்ளடி (X) போட்டுப் பழகிய கை. தமிழ்நாட்டில் பொத்தானை அழுத்தி, பீப் சத்தம் கேட்டால்தான் திருப்திப்படும் விரல். இரண்டும் அவுஸ்திரேலிய வாக்குச்சீட்டுக்கு முன் போய் நிற்கும்போதுதான் சிக்கல். இங்கே மத்திய தேர்தலில் கீழவைக்கான பச்சைச் சீட்டில் புள்ளடி போட்டால், எவ்வளவு தெளிவாகப் போட்டிருந்தாலும், அது செல்லாத வாக்கு. 2022 தேர்தலில் கீழவைக்கு விழுந்த வாக்குகளில் 5 வீதத்துக்கு மேல் இப்படி ஏதோ ஒரு காரணத்தால் ஒதுக்கப்பட்டன. தமிழர் கூடுதலாக வாழும் மேற்கு சிட்னிப் பக்கத்தில் அந்த வீதம் எப்போதுமே அதிகம்.

அதற்கு மொழி மட்டும் காரணமில்லை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தலில் கீழவைக்கு ஒரேயொரு கட்டத்தில் 1 என்று எழுதினால் போதும், வாக்கு செல்லும். மத்திய தேர்தலில் அதே வேலையைச் செய்தால் செல்லாது. எல்லாக் கட்டத்துக்கும் எண் கொடுக்க வேண்டும். ஒரே பள்ளிக்கூட மண்டபம், ஒரே அட்டைத் தடுப்பு, ஆனால் விதி வேறு. 2027 மார்ச்சில் மாநிலத் தேர்தல், 2028இல் மத்திய தேர்தல் என்று வரிசை அமைந்திருப்பதால், முதலாவதில் பழகிய கை இரண்டாவதில் பிழைவிடும் வாய்ப்பு நிறைய. புதிதாகக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு யாரும் இதை உட்கார்த்திச் சொல்லிக்கொடுப்பதும் இல்லை.

பச்சைச் சீட்டில் எட்டுப் பேர் நின்றால் 1 முதல் 8 வரை. ஒரே எண்ணை இரண்டு தரம் எழுதினால் போச்சு. நடுவில் ஓர் எண்ணை விட்டுத் தாண்டினாலும் அதே கதி. கடைசி ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தால் பரவாயில்லை, அதுதான் உங்கள் கடைசி விருப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனாலும் அந்தச் சலுகையை நம்பி விட வேண்டாம். பிழை வந்தால் அழித்துக் கிறுக்காமல், சீட்டைப் பெட்டியில் போடுவதற்கு முன் அலுவலரிடம் திருப்பிக் கொடுத்து வேறு கேளுங்கள், தருவார்கள். பென்சில்தான் வைத்திருப்பார்கள், மனம் கேட்காவிட்டால் சொந்தப் பேனா கொண்டுபோகலாம். உங்கள் பெயரையோ கையொப்பத்தையோ சீட்டில் எழுதக்கூடாது. யாருடைய வாக்கு என்று தெரிந்துவிட்டால் அது செல்லாது.

வெள்ளைச் சீட்டு மேலவையான செனட்டுக்கு. பெரிய மாநிலங்களில் அதை விரித்தால் தடுப்புக்குள் அடங்காது. அதில் ஒரு தடித்த கோடு ஓடும். கோட்டுக்கு மேலே கட்சிகள்: குறைந்தது 6 கட்டத்துக்கு எண். கோட்டுக்குக் கீழே தனித்தனி வேட்பாளர்கள்: குறைந்தது 12. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால் போதும். செனட் சீட்டில் சட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டும். மேலே 1 மட்டும் எழுதியிருந்தாலும் எண்ணுவார்கள். ஆனால் உங்கள் கட்சி போட்டியிலிருந்து விழுந்ததும் உங்கள் வாக்கும் அங்கேயே நின்றுவிடும்.

விருப்பு வாக்கு என்ற சொல் இலங்கையருக்குப் புதிதில்லை. 2024 ஜனாதிபதித் தேர்தலில்தான் அங்கே முதல்முறையாக இரண்டாம் விருப்பை எண்ண வேண்டி வந்தது. இங்கே அது ஒவ்வொரு தொகுதியிலும் அன்றாட வேலை. நூறு வாக்கு, நாலு வேட்பாளர் என்று வையுங்கள்: 40, 33, 17, 10. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. கடைசியாள் வெளியே போகிறார். அவருடைய பத்துச் சீட்டில் அடுத்த எண் யாருக்கு என்று பார்த்ததில் 7 இரண்டாமவருக்கு, 3 மூன்றாமவருக்கு. இப்போது 40, 40, 20. இனி மூன்றாமவர் வெளியே; அவருடைய இருபதில் 14 இரண்டாமவருக்கு, 6 முதலாமவருக்கு. முடிவு 54க்கு 46. முதலில் முன்னால் நின்றவர் தோற்றுப்போனார். 2025இல் மெல்பேர்ண் தொகுதியில் நடந்தது இதுதான். அப்போதைய பசுமைக் கட்சித் தலைவர் அடம் பான்ட் முதல் விருப்பில் முன்னணியில் இருந்தும், 2010 முதல் வைத்திருந்த தொகுதியைத் தொழிற்கட்சியிடம் இழந்தார்.

ஆகவே, சின்னக் கட்சிக்குப் போட்டால் வாக்கு வீண் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. மனதுக்குப் பிடித்த சுயேச்சைக்கு 1 கொடுங்கள். பெரும்பாலான தொகுதிகளில் உண்மையான முடிவு, இரண்டு பெரிய கட்சிகளில் எதை முன்னால் எழுதுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. அது 4ஆ 5ஆ என்றாலும் கணக்கில் வரும். வாசலில் கட்சித் தொண்டர்கள் நீட்டும் 'எப்படி வாக்களிப்பது' அட்டை அவர்களுடைய விருப்பு வரிசை, சட்டமில்லை. கட்சிகள் ஒன்றோடொன்று பேசித் தீர்மானித்த அந்த வரிசையில் சில நேரம் நீங்கள் வெறுக்கிற ஆள் 2 அல்லது 3இல் இருப்பார். அட்டையை வாங்குங்கள், எண்களை நீங்களே போடுங்கள்.

இதெல்லாம் பட்டியலில் பெயர் இருந்தால்தான். நிரந்தர வதிவிட விசாவுக்கு வாக்கில்லை, குடியுரிமை வேண்டும். குடியுரிமை விழா முடிந்து சாப்பாடு, படம் எல்லாம் ஆன பிறகு, அன்றிரவே இணையத்தில் பதிந்துவிடுவது நல்லது. சாரதி உரிமம், அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டு, மெடிகெயார் (அரச மருத்துவக் காப்புறுதி) அட்டை, குடியுரிமைச் சான்றிதழ் இவற்றில் ஒன்றின் எண் போதும். தேர்தல் ஆணை பிறப்பிக்கப்பட்ட ஏழாம் நாள் இரவு 8 மணிக்குப் பட்டியல் மூடப்படும். ஆணைக்கும் வாக்களிப்புக்கும் இடையே வெறும் 33 நாட்கள்கூட இருக்கலாம் என்பதால், அறிவித்த பிறகு பார்ப்போம் என்றிருந்தால் தவறிவிடும். வீடு மாறினால் புது முகவரியில் ஒரு மாதம் இருந்ததும் மாற்றுங்கள். வீடு மாறாவிட்டாலும் தொகுதி மாறலாம். 2025 தேர்தலுக்கு முன் எல்லைகளைத் திருத்தியதில் மெல்பேர்ணின் ஹிகின்ஸ் தொகுதியே இல்லாமற்போனது. 2022இல் அங்கே வென்ற, ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகளான மிஷெல் ஆனந்த-ராஜா இப்போது செனட்டில் இருப்பது அதனால்தான்.

தமிழ்ப் பெயர்களுக்கென்று ஒரு தனிக் கரைச்சல் உண்டு. வாக்களிப்பு நிலையத்தில் அடையாள அட்டை காட்ட வேண்டாம், விரலில் மையும் இல்லை. முழுப்பெயர், முகவரி, இந்தத் தேர்தலில் ஏற்கெனவே வாக்களித்தீர்களா என்ற மூன்று கேள்விதான். பட்டியலோ குடும்பப்பெயர் வரிசையில் இருக்கும். அப்பாவின் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்பது ஆவணத்துக்கு ஆவணம் மாறியிருந்தால், அலுவலர் தேடித் தேடிக் கடைசியில் இல்லை என்பார். திரும்பிப் போய்விடாதீர்கள். இரண்டு பெயரிலும் தேடச் சொல்லுங்கள். அப்போதும் கிடைக்காவிட்டால், உறையிலிட்டு ஒப்பமிடும் தற்காலிக வாக்கைக் கேளுங்கள். பிறகு சரிபார்த்து எண்ணுவார்கள்.

எதைப் பார்த்து எண் போடுவது என்பது அவரவர் வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு, பெற்றோர் விசாவின் காத்திருப்பு என்று போகும். அகதி விவகாரம் என்றால் இரு பெரிய கட்சிகளும் படகுகளைத் திருப்புவதில் ஒரே நிலைதான். ஆனாலும் இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. குயின்ஸ்லாந்தின் பிலோவீலா ஊரிலிருந்து தடுப்புக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழ் அகதிக் குடும்பம் ஊர் திரும்பியதும், 2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசாவிலிருந்த ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர வழி திறந்ததும் தொழிற்கட்சி வந்த 2022 ஆட்சிமாற்றத்துக்குப் பிறகுதான். படகில் வந்து விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, தற்காலிகமாகத் தங்க விடும் இணைப்பு விசாவிலேயே (bridging visa) ஆண்டுகள் ஓட்டும் தமிழர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாக்கில்லை. உங்கள் தொகுதி வேட்பாளரிடம் இதைக் கேட்க நல்ல நேரம் பிரசார வாரங்கள்தான். வென்ற பிறகு அலுவலக உதவியாளரின் குரல்தான் கிடைக்கும்.

வாக்களிப்பு சனிக்கிழமை, காலை 8 முதல் மாலை 6 வரை. பள்ளிக்கூட வாசலில் சொசேஜ் வாசம் வரும். சைவக்காரர் பாணுக்குள் வெங்காயம் மட்டும் வைத்து வாங்கலாம். சனிக்கிழமை வைத்தியசாலையிலோ முதியோர் இல்லத்திலோ ஷிப்ட் உள்ளவர்கள் முன்கூட்டியே வாக்களிக்கும் நிலையத்துக்குப் போகலாம். தபால் வாக்கென்றால் உறையில் சாட்சியின் கையொப்பம் கட்டாயம், 6 மணிக்கு முன் நிரப்பியிருக்க வேண்டும், தேர்தல் முடிந்து 13 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். சீட்டை வாசிக்க முடியாத அம்மாவோடு மகள் உள்ளே போய் எழுதிக் கொடுக்கலாம், ஆனால் முதலில் பொறுப்பதிகாரியிடம் சொல்ல வேண்டும். எண் வரிசை அம்மாவுடையது, மகளுடையது அல்ல. வாக்களிப்பது கட்டாயம்; மத்திய தேர்தலுக்குப் போகாமல் விட்டால் 20 டொலர் தண்டம் கேட்டுக் கடிதம் வரும்; அந்த நாளில் வெளிநாட்டில் இருந்திருந்தால் அதையே பதிலாக எழுதி அனுப்புங்கள், கடிதத்தை மட்டும் மேசையில் போட்டு வைக்காதீர்கள்.