பதினாலு குழிக்கு இரண்டு பலகை

அத்தையின் பல்லாங்குழியைக் கரையான் தின்று மூன்று வருஷம் ஆகிறது. பரணில் பழைய பாய்க்குக் கீழே கிடந்ததை எடுத்தபோது மேலுக்குப் பலகை மாதிரிதான் இருந்தது. தூக்கியதும் மண்ணாகக் கொட்டியது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. புளியங்கொட்டை இருந்த சுருக்குப்பையை மட்டும் உதறிப் பீரோவில் வைத்துக்கொண்டார். நான் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பை ஏதோ பாக்கி நிற்கிற மாதிரியே என்னைப் பார்க்கும்.

கடையில் வாங்கியிருக்கலாம். பிளாஸ்டிக்கில் கிடைக்கிறது, மடக்குகிற மாதிரி மரத்திலும் கிடைக்கிறது. ஆனால் என்னிடம் மரம் இருந்தது, மெஷினும் இருந்தது. இரண்டும் சும்மா கிடந்தால் எனக்குக் கை நிற்காது.

மரம் சோழவந்தானில் எங்கள் அம்மா வீட்டுக் கிணற்றடிப் பூவரசு. சின்ன வயதில் அதன் இலையைச் சுருட்டித்தான் பீப்பி ஊதினோம். ஒரு ஐப்பசிக் காற்றில் அது சாய்ந்தபோது, விறகுக்குப் போகாமல் தடுத்து, மரம் அறுக்கும் மில்லில் கொடுத்து ஒன்றரை அங்குலப் பலகையாகப் போட்டு வாங்கினேன். ஒரு அங்குலத்துக்கு ஒரு வருஷம் காய வேண்டும் என்பது ஆசாரிமார் கணக்கு. பலகைகளுக்கு நடுவே குச்சி கொடுத்து அடுக்கி, நிழலில் பதினெட்டு மாசம் போட்டு வைத்தேன். பூவரசின் வைரம், அதாவது நடுக்கட்டை, கருப்பட்டி நிறம், சுற்றியுள்ள வெள்ளைப் பாகம் வெளிறிக் கிடக்கும். இரண்டும் ஒரே பலகையில் வந்தால் பார்க்க அழகு, ஆனால் வெள்ளையைப் பூச்சி சும்மா விடாது. அதனால் வைரத்தை மட்டும் எடுத்தேன்.

மெஷின் என்றால் பெரிய பட்டறை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு 12 வோல்ட் பேட்டரி டிரில், மரம் குடைகிற ஒரு டிரிம்மர், வட்டத்தாள் ஒட்டித் தேய்க்கிற ஒரு சாண்டர். மூன்றும் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பைக்குள் அடங்கிவிடும். பழங்காநத்தத்தில் எங்கள் மொட்டை மாடிதான் பட்டறை. தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு பழைய தையல் மெஷின் மேசை, தெற்கே பார்த்தால் திருப்பரங்குன்றம் மலை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டிலிருந்து பதினொன்று வரைதான் நேரம். அதற்கு மேல் வெயில் விடாது. வெயிலில் கிடந்த பேட்டரியைச் சார்ஜர் சீந்தவும் சீந்தாது, விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். கீழே கொண்டுபோய்ப் பேனுக்கு அடியில் கால்மணி நேரம் வைத்தால்தான் ஏற ஆரம்பிக்கும்.

டிரில்லை அத்தை துப்பாக்கி என்றுதான் சொல்வார். "துப்பாக்கிய எடுத்துட்டியா? மாடியில வத்தல் காயுது, பாத்து." அவர் சொல்வதில் தப்பில்லை. அமெரிக்காவில் பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி 1917இல் காப்புரிமை வாங்கிய கைத்துளை மெஷினுக்குப் பிடியும் விசையும் துப்பாக்கி மாதிரிதான் வைத்தார்கள். இன்றைக்குப் பெரும்பாலான கை டிரில்லும் அந்த உருவத்தில்தான் இருக்கிறது.

சரி, முதல் பலகைக்கு வருகிறேன்.

குழி போட என்னிடம் இருந்தது 35 மில்லிமீட்டர் பிட் ஒன்று. மாடுலர் கிச்சன் அலமாரிக் கதவில் கீல் உட்காரக் குழி எடுப்பார்களே, அதே பிட். எந்த ஹார்டுவேர் கடையில் கேட்டாலும் கிடைக்கும். சுத்தமான வட்டம், தட்டையான அடி. பதினாலு வட்டம் போட்டால் பல்லாங்குழி ஆகிவிடாதா என்ன? நல்ல பலகையில் கை வைக்கப் பயந்து, வீட்டில் கிடந்த 22 மில்லி தேக்குத் துண்டை எடுத்தேன். கியரை ஒன்றில் போட்டு மெதுவாக இறக்கினால் சுருள் சுருளாகச் சீவல் வரும். அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டினால் புகை வரும், குழியின் ஓரம் கருகிப்போகும். ஒரு பேட்டரிக்கு ஐந்து குழி. மூன்று தடவை ஏற்றி ஒரே காலையில் முடித்துவிட்டேன். பெருமை தாங்கவில்லை.

திருப்பிப் பார்த்தால் அடியில் பதினாலு பொட்டு. அந்தப் பிட்டின் நடுவில் ஒரு கூர்முனை உண்டு. மற்ற பாகத்தைவிட மூன்று, நான்கு மில்லி முன்னால் போகும். 22 மில்லிப் பலகையில் 20 மில்லி ஆழம் எடுத்தால் முனை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் என்ன செய்யும்? தினமும் கணக்கு எழுதுகிறவளுக்கு இந்தக் கழித்தல் தெரியவில்லை.

அதைக்கூட மெழுகு வைத்து அடைத்திருப்பேன். அத்தை விளையாடிப் பார்த்ததும்தான் விஷயம் தெரிந்தது. குழிக்கு ஐந்தாகப் போட்டு, கைப்பழக்கத்தில் முதல் குழியில் விரலைவிட்டு அள்ளப் பார்த்தார். இரண்டு விரல்தான் உள்ளே போயிற்று. கொட்டையெல்லாம் சுவரோரம் ஒண்டிக்கொண்டது. விரலை மடக்க இடமில்லை. ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பி எடுத்தார். நான்கு குழி வரை பொறுமையாக எடுத்தார், பாவம்.

"இது குழி இல்லம்மா, டப்பா," என்றார். "வழிச்சா வரணும்."

கையைக் குவித்து மேசையில் வழித்துக் காட்டினார். அப்போதுதான் அந்தக் கையை நான் சரியாகப் பார்த்தேன். நான்கு விரலும் சேர்ந்து ஒரு கரண்டி மாதிரி இறங்கி, கொட்டையைச் சரிவில் ஏற்றி, உள்ளங்கைக்குத் தள்ளுகிறது. கட்டைவிரல் மூடி. பல்லாங்குழியில் இந்த வழித்தல்தான் பாதி ஆட்டம். எதிராளி எண்ணி முடிப்பதற்குள் அடுத்த குழியில் விழ வேண்டும். ஆழமாக நேராக இருந்தால் ஆகாது. அகலம் வேண்டும், ஓரம் சரிய வேண்டும். கரையான் தின்ற பழைய பலகையில் குழி ஏன் ஆழமில்லாத கிண்ணம் மாதிரி இருந்தது என்பதை நான் யோசித்ததே இல்லை.

அந்த முதல் பலகையில் இப்போது என் பிட்டுகளும் ஆணிகளும் இருக்கின்றன. அலுமினியக் கிண்ணத்தில் வருகிற குட்டி மெழுகுவர்த்தியாவது வைக்கலாம் என்று பார்த்தேன். அதுவும் உள்ளே போகவில்லை.

இரண்டாவதற்குப் பூவரசை எடுத்தேன். குழிக்கு 60 மில்லி விட்டம், நடுவில் 12 மில்லி இடைவெளி. ஏழு குழிக்கும் ஓரங்களுக்கும் சேர்த்து நீளம் 52 சென்டிமீட்டர் வந்தது. ஆழம் 20 மில்லி. இதற்கு டிரில் ஆகாது, டிரிம்மர்தான். மைக்கா ஓரம் சீவ ஆசாரிமார் வைத்திருக்கும் குட்டி மெஷின்தான் அது. நிமிஷத்துக்கு 30,000 சுற்று சுற்றும். அடிமுனை உருண்டு, மேலே பேரிங் வைத்த பிட் ஒன்று இருக்கிறது. வட்டம் வெட்டிய அச்சுப் பலகையை மேலே பொருத்தினால் பேரிங் அந்த வட்டத்தை ஒட்டி ஓடும், கீழே பிட் மரத்தைக் குடையும்.

பிட்டை ஆன்லைனில் வாங்கினேன். வந்தது கால் அங்குலக் காம்பு, அதாவது 6.35 மில்லி. என் டிரிம்மரின் வாய் 6 மில்லி. அந்த 0.35 மில்லிக்காக ஒரு வாரம் போயிற்று. கடைக்காரர் ஒருவர், "லேசா உப்புத்தாள் போட்டுத் தேச்சா போயிரும்க்கா," என்றார். 30,000 சுற்றில் சுற்றுகிற எஃகுத் துண்டைத் தேய்த்து ஏற்றுகிற தைரியம் எனக்கு வரவில்லை. திருப்பி அனுப்பிவிட்டு 6 மில்லிக் காம்பே வாங்கினேன்.

அச்சுப் பலகையிலும் ஒரு தடவை அடி வாங்கினேன். முதலில் 6 மில்லி பிளைவுட்டில் செய்தேன். வெட்டும் பாகம் உயரம், பேரிங் அதற்கும் மேலே. 3 மில்லி ஆழத்துக்கு இறக்கினால் பேரிங் அச்சைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. மெஷினைப் போட்டதும் பிட் அச்சையே கடித்துத் தின்றுவிட்டது. அப்புறம் 18 மில்லி பிளைவுட்டில் செய்தேன், ஒட்டி ஓடியது.

செய்த விதம் இதுதான். பழைய 35 மில்லிப் பிட்டாலேயே முதலில் நடுவில் 15 மில்லி ஆழம் எடுத்துவிடுவேன். கால்வாசி மரம் அதிலேயே போய்விடும், கூர்முனையின் பொட்டும் கடைசி 20க்குள் அழிந்துவிடும். டிரிம்மரைப் போடுவதற்கு முன்னால் பிட்டை மரத்தில் படாமல் வைக்க ஒரு இடமும் கிடைக்கும். பிறகு 3 மில்லி, 3 மில்லியாக இறங்கணும். குழிக்குள் கடிகார முள் போகிற திசையில் தள்ளணும். பலகையின் வெளி ஓரம் என்றால் அதற்கு நேர் எதிர். மாற்றித் தள்ளினால் மெஷின் நம்மை இழுத்துக்கொண்டு ஓடும். ஒரே இடத்தில் நின்றால் கருகும்.

உடுப்பையும் சொல்லிவிடுகிறேன், பெண்கள் யாராவது கேட்பீர்கள். துப்பட்டா கிடையாது. வளையல் கழற்றி, பின்னலைக் கொண்டை போட்டு, தாலிச் செயினை உள்ளே விட்டு, மேலே வீட்டுக்காரரின் பழைய சட்டை. கண்ணாடி, மாஸ்க், காதில் பஞ்சு கட்டாயம். கையுறை மட்டும் வேண்டாம். சுற்றுகிற பிட் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும்.

டிரிம்மர் தூள் கப்பிப் புழுதி மாதிரி பறக்கும். கீழ்வீட்டு அக்கா அன்றைக்குக் கூழ்வத்தல் பிழிந்து காயப் போட்டிருந்தார். காற்று எங்கிட்டு அடிக்கிறது என்று நான் பார்க்கவில்லை. நாலு முழ வேட்டி நிறைய வத்தலும் கருப்பட்டி நிறமாகிவிட்டது. பூவரசு மருந்து மரம்தானே என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா சிரிக்கவில்லை. இரண்டு கிலோ பச்சரிசி வாங்கிக் கொடுத்து, அடுத்த ஞாயிறு நானே உட்கார்ந்து பிழிந்து கொடுத்தேன்.

டிரிம்மர் விட்ட இடத்தில் குழியின் அடி இன்னும் தட்டைதான், ஓரம் மட்டும் உருண்டிருக்கும். டிரில்லில் இரண்டு அங்குல ஸ்பாஞ்சுக் கட்டையை மாட்டி, உப்புத்தாள் 80, 120, 220 நம்பர் என்று சொரசொரப்பிலிருந்து நைஸாக வரிசையாகத் தேய்த்தேன். ஸ்பாஞ்சு குழிக்குத் தக்கபடி வளையும். ஒவ்வொரு குழி முடிந்ததும் ஐந்து கொட்டையைப் போட்டு, கண்ணை மூடி வழித்துப் பார்ப்பேன். ஒன்று தங்கினாலும் திரும்ப 80. பதினாலு குழிக்கு மூன்று ஞாயிறு ஆயிற்று.

ஆறாவது குழியில் ஒரு கறை இருக்கிறது. மை கொட்டின மாதிரி நீலக் கறுப்பு. கிணற்றடியில் கொடி கட்ட யாரோ எப்போதோ அடித்த ஆணி, மரம் வளர்ந்து விழுங்கியிருக்கிறது. மில்காரர் ஆணியைப் பிடுங்கிவிட்டார், துருவும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்த கறை போகவில்லை. அந்தத் துண்டை ஒதுக்கத்தான் நினைத்தேன். அத்தைதான் இருக்கட்டும் என்றார்.

மெருகுக்குத் தேங்காய் எண்ணெய் போதும் என்றும் அவர்தான் சொன்னார். அதில் மட்டும் நான் கேட்கவில்லை. தேங்காய் எண்ணெய் மரத்தில் உலரவே உலராது, நாள்பட்டால் சிக்கு வாடை வரும். ஆளி விதை எண்ணெய் உலர்ந்து கெட்டிப்படும். மெலிசாக இரண்டு கை தடவி, காய்ந்த பின் தேன்மெழுகு. தடவின துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடக் கூடாது. அந்த எண்ணெய் உலரும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். கைப்பிடிச் சுவரில் விரித்துக் காயப் போட்டேன்.

போன ஞாயிறு சாயங்காலம் அத்தை சுருக்குப்பையை எடுத்தார். பாப்பா எண்ணினாள், அறுபத்தொன்பது. ஒன்று குறைகிறது. பரணிலேயே விழுந்திருக்கும். கடையில் புளி வாங்கிக் கொட்டை எடுக்கலாம்தான், ஆனால் அத்தை, "அந்தப் பூவரசுத் துண்டுல ஒண்ணு செஞ்சு குடேன்," என்றார். சாண்டரைக் கவிழ்த்துப் பிடித்து அதில் வைத்தேன், துண்டு பறந்து சுவருக்கு அங்கிட்டுப் போய் விழுந்தது. இன்னொரு துண்டை உப்புத்தாளில் கையாலேயே தேய்த்தேன். அரை மணி நேரம் ஆயிற்று, விரல் நுனியும் கொஞ்சம் போயிற்று.

நிறத்தில் கலந்துவிட்டது, எடையில் இல்லை. அத்தைக்குக் கையில் விழுந்ததும் தெரிந்துவிடுகிறது. வழித்து, வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தவர், கறைக் குழியில் நாலாவதாக அதை விட்டு, "பசு," என்று அள்ளிக்கொண்டார். குழியில் நாலு சேர்ந்தால் அதற்குப் பெயர் பசு. "உன்னுது எங்கிட்ட வந்துருச்சு பாத்தியா."