ஹால் டைல்ஸ் ஜாயின்ட்டில் உப்பு பூப்பது நின்றது, அடுப்படி இன்னும் பாக்கி

இன்றோடு முப்பது நாள் ஆகிறது. ஹாலில் மேற்குச் சுவரை ஒட்டிய ஜாயின்ட்டில் வெள்ளை பூக்கவில்லை. காலையில் வாசல் கதவைத் திறந்ததும் குனிந்து விரலால் தேய்த்துப் பார்க்கிறேன். விரலில் மாவு ஒட்டுவதில்லை. போன ஆடியில் தொடங்கிய வேலை, இந்தப் பங்குனியில்தான் முடிந்தது என்று சொல்ல வாய் வருகிறது.

வீடு மண்டபத்தில், கடலுக்கு நடக்கிற தூரம். தரை 2014இல் போட்டது. 2க்கு 2 அடி விட்ரிஃபைடு டைல், 3 மில்லி இடைவெளி, அதை நிரப்ப ஐவரி நிற சிமெண்ட் ஃபில்லர். டைல் இன்றைக்கும் முகம் பார்க்கலாம்போல இருக்கிறது, ஜாயின்ட்தான் மானத்தை வாங்கியது. நடக்கிற பாதையில் கறுப்பு, சுவரோரம் வெள்ளை. இரண்டையும் ஒரே கறை என்று நினைத்து ஒரே வைத்தியம் பார்த்தேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

தங்கச்சி கல்யாணத்துக்கு முன்னால் அவசரத்தில் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றித் தேய்த்திருந்தோம். இரண்டு வாரம் பளிச்சென்று இருந்தது. அப்புறம் முன்னைவிட வேகமாகக் கறுத்தது. ஆசிட் அழுக்கை மட்டும் தின்பதில்லை, சிமெண்ட்டையே தின்று மேல்தோலைச் சொரசொரப்பாக்கிவிடுகிறது. அதில் கச்சான் காற்று கொண்டுவரும் தூசி போய் அப்பிக்கொள்ளும். ஆசிட் ஊற்றிய இடத்தில் தப்பித் தவறியும் ப்ளீச்சிங் பவுடரைப் போட்டுவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், நெஞ்சை அடைத்துவிடும்.

கறுப்புக்கு ஆக்சிஜன் ப்ளீச் போதும். சோடியம் பெர்கார்பனேட் பவுடரைச் சுடுதண்ணீரில் அப்போதைக்கப்போது கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்தேன். கரைந்த அழுக்குத் தண்ணீர் காய்வதற்குள் பனியன் வேஸ்ட்டால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். இடுக்கிலேயே காயவிட்டால் தேய்த்தது வீண். அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

வெள்ளைதான் ஆளைப் படுத்தியது. துடைத்தால் போகும், மூன்றாம் நாள் திரும்ப வரும். அம்மாதான் முடிச்சை அவிழ்த்தது. "போர் தண்ணில கழுவுன சருவம் காஞ்சா வெள்ளை பூக்குதுல்ல, தரைக்கு மட்டும் வேற தண்ணியாப்பா ஊத்துறோம்?" என்றது. எனக்குப் பொட்டில் அடித்ததுபோல இருந்தது. சுவரோரத்து மாவைச் சுரண்டி ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் போட்டுக் கலக்கினேன். பெரும்பகுதி கரைந்து காணாமல் போனது. அடியில் தங்கிய கொஞ்சத்தில் வினிகர் விட்டதும் நுரைத்தது. கரைந்தது உப்பு, நுரைத்தது சிமெண்ட்டின் சுண்ணாம்பு. தினமும் உப்புத் தண்ணீரில் துடைத்துத் துடைத்து, நாங்களே ஜாயின்ட்டுக்கு உப்பு ஊட்டியிருக்கிறோம். தண்ணீர் ஆவியாகும், உப்பு இடுக்கிலேயே தங்கிப் படிகமாகி ஃபில்லரை உள்ளிருந்தே பொரியவைக்கும்.

ஐப்பசியில் ஜாயின்ட்டுக்குள் ஈரம் இறங்காமல் மேலே பூசுகிற சீலர் ஒன்று வாங்கி அடித்தேன். வாடை தொடங்கிவிட்டது, ஜாயின்ட் உள்ளுக்குள் ஈரம். மேலே மூடியதும் உப்பு அடியில் சேர்ந்து, இருபது நாளில் சீலரோடு செதில் செதிலாக உரிந்து வந்தது. 1,200 ரூபாய் போச்சு.

வேலைக்கு ஆனது பழைய வேட்டி. இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, நாலு மடிப்பாக மடித்து, நல்ல தண்ணீரில் நனைத்துச் சொட்டாத அளவுக்குப் பிழிய வேண்டும். ஜாயின்ட் மேல் வைத்து இடைவெளி இல்லாமல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். மேலே பிளாஸ்டிக் போட்டு மூடக் கூடாது. ஃபேனை ஓடவிட்டு அப்படியே விட்டுவிட வேண்டும். துணியின் ஈரம் இறங்கி உப்பைக் கரைக்கும். காயும்போது ஈரம் மேலே ஏறும், உப்பும் கூடவே ஏறித் துணியில் தங்கும். முதல் தடவை பொறுமையில்லாமல் பாதி ஈரத்தில் எடுத்துவிட்டேன், ஒரு பயனும் இல்லை. முழுக்கக் காய்ந்த பிறகு எடுத்தபோது துணி கஞ்சி போட்டதுபோல விறைத்து நின்றது. ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு, நாக்கில் வைத்தால் சுத்தமான கரிப்பு. அந்தத் துணியை அம்மாவிடம் காட்டியபோது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஒவ்வொரு சுற்றுக்கும் புதுத் துணி. வாடை ஓய்ந்து மாசி வெயில் ஏறியதும் மொத்தம் ஆறு சுற்று. ஆறாவது துணி வெறும் துணியாகவே வந்தது.

பொரிந்துபோன இடத்தை மட்டும் சுரண்டிப் புதிதாக நிரப்பினேன். வாடகைக்கு எடுத்த மல்ட்டி டூல் (கரண்ட்டில் ஓடும் பிளேடு மெஷின்) முதல் அரை மணியிலேயே ஒரு டைலின் ஓரத்தைப் பெயர்த்துவிட்டது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆக்ஸா பிளேடு இரண்டை ஒன்றாக வைத்து டேப் சுற்றினால் 3 மில்லி இடுக்குக்கு அளவெடுத்ததுபோலப் போகிறது. டைல் கனத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இறங்க வேண்டும், மேலோட்டமாகச் சுரண்டி அப்பினால் பெயர்ந்துவிடும். ஃபில்லரையும் நல்ல தண்ணீரில்தான் குழைத்தேன். குழைத்துப் பத்து நிமிடம் விட்டு மறுபடி கிண்ட வேண்டும், அப்போது இறுகியிருக்கிறதே என்று தண்ணீர் சேர்த்தால் நிறம் திட்டுத்திட்டாகிவிடும்.

ஃபில்லர் வாங்கும்போது பாக்கெட்டை அமுக்கிப் பாருங்கள். நம் பக்கத்துக் காற்றுக்குக் கடையிலேயே கட்டி தட்டிப்போகிறது. உள்ளூரில் வாங்கிய இரண்டு பாக்கெட்டில் உருண்டை உருண்டையாக இருந்தது. ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் சரக்கு சீக்கிரம் ஓடுவதால் புதிதாகக் கிடைக்கிறது, பனியன் வேஸ்ட்டும் அங்கே கிலோ கணக்கில் வாங்கலாம். பஸ் செலவு போனாலும் பரவாயில்லை.

இப்போது ஹாலை வாரத்துக்கு இரண்டு முறை காவிரித் தண்ணீரில் ஒரு வாளியோடு துடைக்கிறோம். மற்ற நாளில் விளக்குமாறு மட்டும்தான். குடிக்கிற தண்ணீரைத் தரைக்கு ஊற்றுவதா என்று அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. அதனால் மொட்டைமாடியில் மழைத் தண்ணீர் பிடிக்க 500 லிட்டர் டேங்க் ஒன்று வைக்க இடம் பார்த்திருக்கிறேன்.

அடுப்படிக்கு சிமெண்ட்டுக்குப் பதில் ரெசினும் ஹார்டனரும் கலந்து இறுகுகிற எபாக்ஸி ஃபில்லர் வாங்கிவிட்டேன், மேடைக்குக் கீழே பாதிதான் முடிந்திருக்கிறது. இந்த வெயிலில் கலந்த கொஞ்ச நேரத்திலேயே இறுகத் தொடங்குகிறது, டைல் மேல் படிந்த பூச்சு காய்ந்துவிட்டால் துடைத்து எடுக்க முடிவதில்லை. ரெசின், ஹார்டனர், பவுடர் மூன்றையும் தராசில் நிறுத்துக் கால் பங்காகப் பிரித்து, விடியற்காலை ஐந்து மணிக்கு மீதியைத் தொடங்கப் போகிறேன்.