உப்பு விற்ற சார்ஜென்ட்

மிச்சிகனுக்கு வந்த முதல் டிசம்பரில் வாசற்படியில் இரண்டு முறை வழுக்கி விழுந்தேன். மூன்றாவது முறை விழுவதற்கு முன் உப்பு வாங்கப் போனேன். இங்கே பனி உறைந்த தரையில் கல்லுப்புத் தூவுவார்கள். தெருமுனை இரும்புச் சாமான் கடையின் பெரியவர் மூட்டையைத் தூக்கிவந்து போட்டு, "இது டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலிருந்து வருகிறது" என்றார். புதிதாக வந்தவனிடம் கதை விடுகிறார் என்றே நினைத்தேன். உண்மைதான், நகரத்துக்குக் கீழே 300 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் உப்புச் சுரங்கம் இருக்கிறது. வேதாரண்யத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, வெயிலே படாத உப்பு என்பது வேடிக்கையாக இருந்தது.

"நன்றி சார்" என்றேன்.

"சார் என்று கூப்பிடாதே. நான் உழைத்துச் சாப்பிட்டவன்."

அமெரிக்கப் படையில் அதிகாரிகளுக்குத்தான் 'சார்' என்பதும், சார்ஜென்ட்டுகள் அவர்களைச் சீண்டும் பழைய கேலி இது என்பதும் எனக்குப் புரிய ஓராண்டு ஆயிற்று. பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். தகப்பன் வயதுக்காரரைப் பெயர் சொல்ல நாக்கு எழவில்லை. கடைசிவரை எப்படியும் கூப்பிடாமலே சமாளித்துவிட்டேன்.

கடுங்குளிர் இரவில் குழாயைச் சொட்டுச் சொட்டாக ஒழுகவிட வேண்டும், தொட்டிக்கடியிலுள்ள அலமாரிக் கதவைத் திறந்து வைக்க வேண்டும், இல்லையேல் குழாய் உறைந்து வெடிக்கும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஒரே ஒரு திருகாணி கேட்டாலும் இழுப்பறையைத் துழாவி எடுத்துத் தருவார். பெரிய கடைகளில் பெட்டியாகத்தான் வாங்க வேண்டும்.

போரைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது இரண்டே முறை. வியட்நாம் போர்க்காலத்தில் எந்தப் பிறந்தநாள்காரர்களை முதலில் படைக்கு அழைப்பது என்று குலுக்கிப் பார்க்க, 1969 டிசம்பர் 1 அன்று, வருடத்தின் 366 தேதிகளையும் நீலக் குப்பிகளில் அடைத்து, கண்ணாடி ஜாடியில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்தார்களாம். தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. முதலில் வந்தது செப்டம்பர் 14. இவருடைய பிறந்தநாளும் சீக்கிரமே வந்துவிட்டது. "என் ஆயுளில் எனக்கு விழுந்த ஒரே லாட்டரி" என்றார். ஜாதகம் பார்க்கும் ஊரிலிருந்து வந்த நான் சிரிக்கவில்லை.

இன்னொரு முறை தவறு என்னுடையது. மே மாதக் கடைசித் திங்கட்கிழமைக்கு முன்தினம், விடுமுறை உற்சாகத்தில் அவருக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டேன். சில்லறையை எண்ணி என் கையில் வைத்துவிட்டு, "நவம்பர் 11 என்னைப் போல் திரும்பி வந்தவர்களுக்கு. நாளைய தினம் வராதவர்களுக்கு" என்றார். கோபம் இல்லை. குழாய் உறைவதைச் சொன்ன அதே குரல்.

ஒரு மார்ச் மாதம் கடை இரண்டு நாள் திறக்கவில்லை. இதயம்.

ஹாலியிலுள்ள கிரேட் லேக்ஸ் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பெட்டியைப் போர்த்தியிருந்த கொடியைச் சீருடைக்காரர்கள் இருவர் பதின்மூன்று மடிப்பாக முக்கோணமாக்கி, அவர் மகளின் முன் மண்டியிட்டுக் கொடுத்தார்கள். பிறகு ஒருவர் ஊதுகொம்பை உதட்டில் வைத்தார். கன்னம் அசையவில்லை. ஊதத் தெரிந்தவர்கள் போதாததால் கொம்புக்குள் ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்திவிடுகிறார்கள் என்று பக்கத்திலிருந்தவர் முணுமுணுத்தார். எனக்கு ஏமாற்றம். பெரியவர் இருந்திருந்தால், என்ன பாட்டரி போட்டிருக்கிறார்கள் என்று கேட்டிருப்பார்.

கடையை மகள் விற்றுவிட்டார். உப்பை இப்போது ஊருக்கு வெளியே பெரிய கடையில் வாங்குகிறேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அவர் காசுக்குத்தான் விற்றார், ஆனாலும் நினைக்கிறேன்.

அடுத்த மே மாதம் கல்லறைக்குப் போனேன். இங்கே படைவீரர் கல்லின் மேல் நாணயம் வைக்கும் வழக்கம் உண்டு. ஒரு சென்ட் என்றால் வந்து பார்த்தவர். ஐந்து என்றால் பயிற்சி முகாமில் உடனிருந்தவர். பத்து என்றால் ஒன்றாகப் பணியாற்றியவர். என் ஒரு சென்ட்டை எடுத்துக்கொண்டு குனிந்தபோது, கல்லின் மேல் ஏற்கெனவே பத்து சென்ட் நாணயம் ஒன்று மழையில் நனைந்து கிடந்தது. அவர் யாரைப் பற்றியும் என்னிடம் சொன்னதில்லை. அதை நகர்த்தாமல், பக்கத்தில் என்னுடையதை வைத்தேன்.